நம்பத்தகாத திருப்பமும் நம்பப்படாத வாழ்வும்: ரொறன்ரோவின் தொடர் பார்வையாளர்

“இப்பிடி எங்கையாவது நடக்குமோ?” ஸ்காபரோ வீடுகளில் மாலைச் சீரியலின் முன்னால் இந்தக் கேள்வி எழாத நாள் அரிது. கேட்டவர் எழுந்து போய்விடுவதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து அமர்கிறார். நம் விமர்சகர்கள் கேள்வியை ரசனையின் அடையாளமாகவும், மறுநாள் வருகையை அந்த ரசனையின் தோல்வியாகவும் படித்துவந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வாசிப்பின் பகுதிகள் என்று நான் கருதுகிறேன். அதை ரொறன்ரோவில் வைத்துச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘இது நடந்திருக்க முடியாது’ என்ற தீர்ப்பை இந்நகரில் வரவேற்பறை மட்டும் வழங்குவதில்லை. அகதி விசாரணை அறையும் வழங்குகிறது.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். 1948இல் கியூபா வானொலியில் ஃபெலிக்ஸ் காய்க்னெட் எழுதி ஒலிபரப்பான ‘எல் டெரெச்சோ டெ நாசெர்’ (‘பிறக்கும் உரிமை’) இலத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சி நெடுந்தொடரான டெலிநொவெலாவின் மரபில் மூலக்கதைகளுள் ஒன்று. மணமாகாத மகள் பெற்ற குழந்தையைக் கொன்றுவிடும்படி டான் ரஃபேல் என்ற செல்வந்தர் ஆணையிடுகிறார். அக்குழந்தையை வீட்டுப் பணிப்பெண்ணான கறுப்பினத்தவர் மமா டொலோரெஸ் காப்பாற்றி வளர்க்கிறார். அவன் மருத்துவனாகிறான். அவன் யார் என்பதை டான் ரஃபேல் அறிந்துகொண்ட தறுவாயில் பக்கவாதம் தாக்கி அவரது பேச்சு நின்றுபோகிறது. உண்மை தெரிந்தவருக்கு நா எழவில்லை. நாடே வானொலி முன் காத்திருந்தது. அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகர் கூடுதல் ஊதியம் கேட்டதால்தான் அவர் வாயடைக்கப்பட்டார் என்றும் சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும், விளைந்த கலை உண்மையானது. பேரனைப் பேரன் என்று சொல்ல முடியாத கிழவரின் மௌனம், பிள்ளையை மறுத்த குற்றத்துக்கு அந்தக் கதைக்குள்ளேயே கிடைத்த தண்டனை.

கொலம்பியாவில் பணியாற்றிய ஹெசூஸ் மார்ட்டின்-பார்பெரோ 1987இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இலத்தீன் அமெரிக்க மெலோடிராமாவை இயக்குவது, அறிந்து ஏற்கப்படுவதற்கான போராட்டம் என்றார் அவர். தந்தை மகனையும் தாய் பிள்ளையையும் சமூகம் ஒரு மனிதரையும் இன்னார் என்று ஏற்க வேண்டும். திருப்பங்களெல்லாம் அந்த ஏற்பைத் தடுக்கும் கதவுகள். தமிழுக்கும் இது பொருந்துகிறது. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய ‘கோலங்கள்’ தொடரில் நாயகி அபியை அழிக்கத் துடிக்கும் ஆதி, அவளுடைய தந்தையின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. தொழில் பகை இரத்த உறவாக மாறும்போது தற்செயல் அளவு மீறுவது உண்மைதான். அதே கணத்தில் கைவிட்டுப் போன தகப்பனின் கணக்கும் திறக்கிறது. பார்வையாளர் பின்தொடர்வது அந்தக் கணக்கை.

இவ்விரு மரபுகளும் தொடர்பற்றவை அல்ல. மெக்சிகோவில் மிகெல் சபிதோ 1970களில் உருவாக்கிய சமூக டெலிநொவெலாக்களின் முன்மாதிரியில்தான் தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ 1984இல் தொடங்கியது. ஆனால் தற்செயலை ஏற்கும் மனம் நமக்கு இறக்குமதியன்று. கோவலன் மதுரையில் சிலம்பு விற்கப் போய், அத்தனை பொற்கொல்லருள் அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே மாட்டிக்கொள்கிறான். இன்றைய தொடரில் வந்தால் நகைப்போம். சிலப்பதிகாரத்தில் அதை ஊழ் என்று ஏற்கிறோம். ஏனெனில் அத்தற்செயலின் விளைவாக அரசனின் நீதி கேள்விக்கு உள்ளாகிறது. நிகழக்கூடியதாயினும் நம்பவியலாததைவிட, நிகழவியலாததாயினும் நம்பும்படியானதே கவிதைக்கு ஏற்றது என்று அரிஸ்டாட்டிலும் எழுதிவைத்தார்.

அப்படியானால் நம் விமர்சகர்களின் கடுமை எங்கிருந்து வந்தது? அதற்கு மரியாதைக்குரிய ஒரு மூலம் உண்டு. இலங்கை வானொலியில் ஒலித்த சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சையும் குடும்ப நெருக்கடியையும் இயல்பு குன்றாமல் கொண்டுவந்தன. அதில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரன் பின்னர் ரொறன்ரோவில் வாழ்ந்து 2014இல் மறைந்தார். அந்தச் செவிப் பயிற்சியோடு வந்தவர்களுக்குச் சென்னைத் தொடரின் ஓலம் பொறுக்காதது இயல்பே. ஆயினும் அந்த அளவுகோல், அயலார் ஒருவரையொருவர் அறிந்த, நாளை எப்படியிருக்கும் என்று ஓரளவு சொல்லக்கூடிய ஊர்களில் செதுக்கப்பட்டது. 1983 யூலையில் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பின் அந்த ஊர்கள் அப்படி இருக்கவில்லை.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் கப்பலேறியது பிறகு வெளிப்பட்டது. கேட்போர் ஏற்பார்கள் என்று கருதிச் சொன்ன நேர்கோட்டுக் கதை பொய். ஒரு நாட்டில் ஒதுங்கி, அங்கும் நிலைக்க முடியாமல், நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட கோணல் கதைதான் உண்மை. அப்பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அச்சத்தில் இருப்பவர் எந்த மாதிரிக் கதையைப் பாதுகாப்பானது என்று எண்ணுகிறார் என்பதை அது காட்டுகிறது.

1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அகதி நிலை கோருவோருக்கு நேர்முக விசாரணை உரிமையை உறுதிசெய்தது. 1989இல் குடிவரவு அகதிச் சபை இயங்கத் தொடங்கியது. உரிமையோடு ஒரு புதிய தேர்வும் வந்தது: தன் வாழ்க்கையைத் தொடர்ச்சி பிசகாமல் மொழிபெயர்ப்பாளர் வழியே சொல்ல வேண்டும், அது நடந்திருக்கக்கூடியதுதானா என்று உறுப்பினர் எடைபோடுவார். வால்ட்செவ் வழக்கில் 2001இல் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த எடைபோடலுக்குக் கடிவாளம் இட்டது. நிகழ்ந்திருக்க இயலாது என்ற முடிவை மிகத் தெளிவான சந்தர்ப்பங்களில் மட்டுமே எட்டலாம். கனடிய அளவில் பொருந்தாத செயல் கோருபவரின் சூழலில் பொருந்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதைவிட நுட்பமான இலக்கிய விமர்சனத்தை இந்நகரில் நான் அதிகம் வாசித்ததில்லை.

சிலியில் 1973 செப்டம்பர் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின்னும், எல் சால்வடோரில் போர்க்காலத்திலும் புறப்பட்டு ரொறன்ரோவுக்கு வந்த ஸ்பானிய மொழியினரும் இத்தகைய வாழ்வுகளோடு வந்தவர்கள். அவர்களது டெலிநொவெலாவையும் நமது நெடுந்தொடரையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய ஆய்வு இன்னும் வளர வேண்டும்.

நான் அறிந்த பார்வையாளர்கள் எதையும் நம்பிவிடுபவர்கள் அல்லர். நேற்றுவரை விஷம் வைத்த மாமியார் இன்று காரணமின்றித் திருந்தினால் கொதித்தெழுகிறார்கள். விபத்தில் இறந்ததாகச் சொல்லப்பட்டவர் இருநூறாவது பாகத்தில் படலையைத் திறந்துகொண்டு வந்தால் ஏற்கிறார்கள். குணம் பிறழ்வதை மன்னிக்காதவர்கள், சம்பவம் பிறழ்வதை மன்னிக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தை அறிந்த சமூகத்தில், உடல் காட்டப்படாத மரணத்தை முடிவென்று கொள்ளாதது பாமரத்தனம் ஆகாது. சாட்சி இல்லாத இடத்தில் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் பழக்கம் அது.

இதனால் சென்னைத் தொடர்கள் குற்றமற்றவை ஆகிவிடா. பெண் மீதான வன்முறையை நாளாந்த அலங்காரமாக்குவதும், சாதியைப் பெயர் சொல்லாமல் கடப்பதும் கடுமையாகக் கண்டிக்க வேண்டியவை. நான் பார்த்தவற்றில் புலம்பெயர்ந்தவர் பெரும்பாலும் பணத்தோடு இறங்கும் வெளிநாட்டு உறவினராகவே வருகிறார். கடலில் இறக்கிவிடப்பட்டவராகவோ விசாரணை அறையில் தன் கதையை மூன்றாம் முறை சொல்பவராகவோ வருவதில்லை. இரட்டைப் பிறவிக்கும் மறதி நோய்க்கும் தாராளமாக இடம் தரும் ஒரு வடிவம் இவர்களுக்கு இடம் தராததை எதிர்த்துத்தான் நம் விமர்சனம் குரல் உயர்த்தியிருக்க வேண்டும்.