துண்டுச் சீட்டும் தொடுதிரையும்

எழுத்தறிவு மனிதனுக்கு விடுதலை தரும் என்பது நம் காலத்தின் பொது நம்பிக்கை. ஆயினும், வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இன்னோர் உண்மையும் புலனாகும். எழுத்து பலமுறை மனிதனைக் கட்டிப் போட்டும் இருக்கிறது. யார் எழுதினார், யாருடைய நன்மைக்காக எழுதினார், எதனை மறைத்து எழுதினார் என்று வினவ இயலாதவனுக்கு, எழுத்து பிறர் கையிலுள்ள கருவியே. பாடசாலை நூலகத்தைப் பற்றிப் பேசப் புகும் நாம், மலைத் தோட்டங்களின் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குவது இதனாலேயே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை மலைகளில் முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்த நம் மூதாதையர், வரும்போதே கடனாளிகளாக வந்தனர். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தனை பேரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் அது. அச்சீட்டில் எழுதப்பட்ட தொகை சரியானதா என்பதைக் கடன்பட்ட தொழிலாளியால் வாசித்தறிய முடியவில்லை. அவனுடைய வாழ்வு அவனால் படிக்க இயலாத ஒரு காகிதத்தில் இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் காகிதத்தின் ஆட்சி அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

துண்டு ஒழிவதற்கு ஓராண்டு முன்னர், 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டமே. ஆயினும் அவ்வயதெல்லையைக் கவனியுங்கள். பத்து வயதுக்குப் பின் அக்குழந்தைக்குக் காத்திருந்தது கொழுந்துக் கூடை. கையெழுத்திடவும் பெயரை வாசிக்கவும் போதுமான கல்வியே அங்கு எதிர்பார்க்கப்பட்டது. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்புடன் முடிவு என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. அத்தகைய இடத்தில் நூலகம் என்ற எண்ணத்துக்கே இடமேது?

பாடசாலை செய்யாத பணியை வெளியிலிருந்து வந்த ஒருவர் செய்தார். தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடம் புனைந்து சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார். பின்னர் ‘தேசபக்தன்’ இதழை நடத்தினார். தொழிலாளரின் உரிமைகளை எளிய தமிழில் விளக்கும் பிரசுரங்களை வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையோ தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டந்தோறும் பாடினார். படிக்கத் தெரியாதவரிடமும் செய்தி சேர்ந்தது. சட்டம் என்ன சொல்கிறது, அதைச் செய்தவர் யார், நமக்கு அதில் பங்கென்ன என்று கேட்கும் பழக்கத்தை அவ்விருவரும் ஊட்டினர். கட்டடமின்றி மலையகத்தில் எழுந்த முதல் நூலகம் அதுவெனலாம்.

அப்பழக்கத்தின் தேவை விரைவிலேயே வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்களைத் தோட்ட மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவனேயாயினும் தந்தை இங்கே பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததையோ மெய்ப்பிக்க வேண்டும். லயத்திலே பிறந்து லயத்திலே மறைந்த பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? காகிதம் இல்லாதவன் நாடில்லாதவன் ஆனான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

அதே 1974ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் போல் சுர்கோவ்ஸ்கி என்பவர் ‘தகவல் எழுத்தறிவு’ என்ற சொல்லை வழங்கினார். தேவையான தகவலைத் தேடவும் தன் பணிக்குப் பயன்படுத்தவும் அறிந்திருப்பதே அதன் பொருள். அங்கே அது புதிய கருத்து; இங்கே அது சாவா வாழ்வா என்ற பிரச்சினை. ஒரு படிவத்தைப் பிழையின்றி நிரப்பத் தெரிந்ததும் தெரியாததுமே குடும்பங்களைச் சேர்த்தும் பிரித்தும் வைத்த காலம் அது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளும் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசின் கீழ் வந்தன. வகுப்புகள் உயர்ந்தன, ஆசிரியர் வந்தனர், நூல்களும் ஓரளவு வந்தன. ஆயினும் பல பாடசாலைகளில் நூலகம் என்பது பூட்டிய அலுமாரியே. திறவுகோல் அதிபர் அறையில் தொங்கும். நூல் தொலைந்தால் கணக்கு யார் சொல்வது என்ற அச்சத்தில் நூல்கள் கறையானுக்குக் காக்கப்படுகின்றன. நாமும் அவ்வச்சத்துக்கு ஆட்பட்டவர்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் வந்து சேர்ந்தது கைபேசி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுக்குள் நடந்து மரமேறிப் பாடம் கேட்டனர். ஏழைப் பிள்ளைகளின் துயரத்தில் மொழிவேற்றுமை இல்லை என்பதற்கு அது சான்று. ஆனால் அலைவரிசை கிடைத்துவிட்டால் அறிவும் கிடைத்துவிடுமா?

2018ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் உணவிலே மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கைபேசிதோறும் செய்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருளே எனப் பின்னர் அரசின் பரிசோதனை காட்டிற்று. சில நாள்களில் திகனையில் மூண்ட வன்முறையிலும் முகநூல் வெறுப்புக்குத் தூது சென்றது. அந்நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. எழுத்தறிவில் தெற்காசியாவின் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் நாடு இது. அச்செய்திகளைப் பரப்பியோர் எழுத வாசிக்கத் தெரிந்தோரே. அவர்களிடம் இல்லாதிருந்தது, எழுதியவன் யார் என்று கேட்கும் பழக்கம்.

பொய்யைப் பரப்புவது ஒரு தீங்கென்றால், மெய்யை முடக்கி வைப்பது மற்றொன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிக்கை இருந்தது, மக்கள் மாற்றிக் குடியமர்த்தப்படவில்லை. வாழ வேறு நிலமில்லாதவரிடம் எச்சரிக்கை மட்டும் இருந்து பயனென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிலமும் வீடும் போராடிப் பெற வேண்டியவை. ஆனால் போராடுவதற்கும் அவ்வறிக்கை கையில் இருந்தாக வேண்டும்.

எனவே பாடசாலை நூலகம் கதைப்புத்தக அறை மட்டுமன்று. கணினி அறையாகப் பெயர் மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுவதுமன்று. ஒரே செய்தியை மூன்று பத்திரிகைகளில் எடுத்து வைத்து, எது எதனை விட்டுவிட்டது என்று மாணவர் ஒப்பிடும் இடமாக அது வேண்டும். தம் தோட்டத்தின் மண்சரிவு வரைபடத்தைத் தாமே தேடி எடுத்து வாசிக்கும் இடமாக வேண்டும். கருவிகள் இல்லாமலில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமோ, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. மலையக எழுத்துகளும் அங்குள்ளன. தம் பாட்டனாரின் காலத்தைப் பற்றிய நூலொன்றைத் தொடுதிரையில் காணும் மாணவன், கைபேசியைப் பின்னர் வேறு கண்ணோடு பார்ப்பான்.

துண்டை வாசிக்க முடியாதிருந்தவனின் பேரப்பிள்ளை இன்று தொடுதிரையை வாசிக்கிறான். வாசித்ததை அப்படியே நம்பினால் அதுவும் துண்டே. கேட்கக் கற்றுக் கொடுக்கும் கடமை நம்முடையது. அரசிடம் நூலகரையும் நூல்களையும் கேட்டுப் போராடுவோம். அதுவரை காத்திராமல், அந்தத் திறவுகோலை நாளைக் காலையே மாணவர் கையில் கொடுப்போம். இரண்டு நூல் தொலையுமாயின், தொலையட்டும்.