பிள்ளைகளின் விளையாட்டுக்குத் துணை நிற்கும் அமைப்புகள்

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள், ராஜகிரி அடிவாரத்தில் களஞ்சியத்தின் பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்று சொல்லப்படும் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கூடம் இன்னும் நிற்கிறது. ஊருக்குள் நம் பிள்ளைகளோ பள்ளிக்கூடம் விட்டதும் மக்தப், மக்தப் விட்டதும் டியூஷன், அதன் பிறகு செல்போன் என்று இருக்கிறார்கள். "பையனை விளையாட்டில் சேர்க்கணும், யாரைப் பார்க்கணும் ஹஜ்ரத்?" என்று பெற்றோர் சிலர் கேட்டதால், தெரிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 31ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால், பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் போக வேண்டிய இடம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 1992இல் அமைக்கப்பட்டது. நமக்கு உரிய மாவட்ட அலுவலகம் விழுப்புரத்தில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. திறமையுள்ள பிள்ளைகளை விளையாட்டு விடுதிகளில் சேர்க்கத் தேர்வு நடத்துகிறார்கள். தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்குப் பொருள்கள் கொடுத்தார்கள். செஞ்சி பேரூராட்சி, ஆனால் சுற்றியுள்ள கிராமத்தார் தங்கள் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். அந்தப் பை பூட்டிய அறையில் கிடந்து யாருக்கும் பயனில்லை.

தன்னார்வ அமைப்புகளில் பழையது ஒய்.எம்.சி.ஏ. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. மும்பையில் 1999இல் தொடங்கிய மேஜிக் பஸ், ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் வழியாகவே படிப்பையும் ஒழுங்கையும் சொல்லித் தருகிறது. நார்வே நாட்டுப் பனிச்சறுக்கோட்ட வீரர் யோஹான் ஒலாவ் கோஸ் தொடங்கிய ரைட் டு பிளே, போரும் வறுமையும் வாட்டும் நாடுகளில் இதே வேலையைச் செய்கிறது.

நிறுவனங்கள் விஷயத்தில் ஒரு தகவல் ஜமாஅத் நிர்வாகிகளுக்குப் பயன்படும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. உரிய பதிவுகளுள்ள அறக்கட்டளையோ சங்கமோ விண்ணப்பிக்கலாம். விலை உயர்ந்த ஷூவும் ஜெர்சியும் விற்கும் கம்பெனிகளின் விளம்பரம் வேறு விஷயம். பச்சைக்குதிரைக்கும் பாண்டிக்கும் ஒரு பைசா செலவில்லை.

இத்தனை அமைப்புகள் இருந்தும் மாலையில் திடல் காலியாகக் கிடப்பதற்கு நாமும் ஒரு காரணம். நாம் ஓதிக் கொடுக்கும் மக்தப் பல ஆண்டுகளாக அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் நடந்தது. பிள்ளைக்கு வெளிச்சத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நேரம் அது. கொட்டாவி விடும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் இருக்கிறது. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட விட்டதும், ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளோடு பொம்மை விளையாடியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. இவற்றை மிம்பரில் சொல்லிவிட்டு, பிள்ளையின் விளையாட்டு நேரத்தை நாமே எடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஆண் பிள்ளைகளின் வகுப்பை மஃரிபுக்குப் பிறகு மாற்றியிருக்கிறோம். டியூஷன் கெடுகிறது என்று இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். குர்ஆன் பாடம் குறையவில்லை, தூங்கி விழுவதுதான் குறைந்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயம்தான் இன்னும் தீரவில்லை. இருட்டிய பிறகு அவர்களை வரச் சொல்ல முடியாது. பத்து, பதினோரு வயதானதும் "இனி வெளியில் விளையாடக் கூடாது" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பர்தா முறை பேணி விளையாட இடம் ஏற்படுத்துவது ஜமாஅத்தின் பொறுப்பு. மதரஸாவின் மதில் சூழ்ந்த முற்றத்தை ஞாயிறு காலை 7 மணி முதல் அவர்களுக்கு மட்டும் ஒதுக்கி, உஸ்தாபி ஒருவரைப் பொறுப்பாக வைத்திருக்கிறோம். இப்போதைக்கு ஸ்கிப்பிங் கயிறும் எறிபந்தும் இருக்கின்றன. தாய்மார்களும் உடன் வந்து உட்காரலாம், விருப்பமிருந்தால் கயிறு தாண்டலாம்.