அம்மா படிக்காத பதினொண்ணாம் வகுப்பு

இந்த எபிசோட் ஒரு சார்ட் பேப்பர்ல ஆரம்பிக்குது. 2009ல நான் ஏழாவது படிச்சப்போ, அப்பா அம்மாவோட பள்ளிக்கூட நாட்களைப் பத்திக் கேட்டு எழுதிட்டு வரணும்னு ஒரு ப்ராஜெக்ட். நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. அப்பா பக்கம் நிரம்பி வழிஞ்சது. அம்மா பக்கம் நாலே வரி. கடைசி வரி: "பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். படிப்பில் ஆர்வம் இல்லை." அம்மாவே அப்படித்தான் சொன்னாங்க. பத்துக்கு ஒம்பது மார்க் வாங்கினேன்.

போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணப்போ அந்தச் சார்ட் கிடைச்சது. சரி, இந்தத் தடவை மைக் வெச்சுக் கேட்போம்னு உட்கார்ந்தேன்.

அம்மா 1968ல பிறந்தவங்க. திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம். அப்போ அது வட ஆற்காடு மாவட்டம். அஞ்சாவது படிக்கும்போது எழுத்து மாறிடுச்சு. 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு. பெரியார் 1935லயே 'குடி அரசு'ல பயன்படுத்த ஆரம்பிச்ச முறை அது. லை, ளை, ணை, னைக்கு முன்னாடி தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருந்ததே, அது போச்சு. ணா, றா, னாவும் இப்ப நாம எழுதுற மாதிரி ஆச்சு. புதுப் புத்தகத்துல ஒரு மாதிரி, போர்டுல வாத்தியார் எழுதுறது ஒரு மாதிரின்னு கொஞ்ச நாள் ஓடுச்சாம். இன்னைக்கும் அம்மா மளிகை லிஸ்ட்ல கறிவேப்பிலைக்குத் தும்பிக்கை உண்டு. (நம்ம ஆளுங்களுக்காக: யூனிகோடுல அந்தப் பழைய லைக்குத் தனி கோடு கிடையாது. அது எழுத்துரு பார்த்துக்கிற வேலை.)

அடுத்தது சத்துணவு. 1982 ஜூலை 1ல கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல ஆரம்பிச்சது. அம்மா அப்போ ஒம்பதாவது. அவங்க தம்பி, அதாவது என் மாமா, ரெண்டாவது. "அவன் தட்டு எடுத்துக்கிட்டுப் போவான். நான் காலையில தின்ன கூழோட சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்." பத்தாவது வரைக்கும் திட்டத்தை நீட்டிச்சது 1984 செப்டம்பர்ல. அம்மா பத்தாவது முடிச்சதும் அதே 1984லதான், சில மாசம் முன்னாடி.

"சரி, ஏன் நிறுத்தின?"

"ஆர்வம் இல்லைடா."

"மார்க் எவ்ளோ?"

சொன்னாங்க. ஆர்வம் இல்லாதவங்க வாங்குற மார்க் இல்லை அது.

இங்கதான் நான் கவனிக்காம விட்ட வரலாறு இருக்கு. தமிழ்நாட்டுல 1978 வரைக்கும் எஸ்எஸ்எல்சின்னா பதினொண்ணாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளியிலயே அதை முடிச்சிடலாம். அப்புறம் பியூசி, அது காலேஜ்ல. 1978ல பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. பியூசிக்காக காலேஜ் இருக்கிற ஊரைத் தேடிப் போகத் தேவையில்லை, மேல்நிலைப் பள்ளியிலயே படிக்கலாம். நல்ல மாற்றம்தான், நிறையப் பேருக்கு உதவியிருக்கு. ஆனா எல்லா உயர்நிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளி ஆகலை. அங்கெல்லாம் பதினொண்ணு இருந்த இடத்துல பத்தோட கதவு மூடிடுச்சு. அம்மா பள்ளிக்கூடம் அந்த வகை. ஏழெட்டு வருஷம் முன்னாடி பிறந்திருந்தா அதே கட்டடத்துல பதினொண்ணாவது படிச்சிருப்பாங்க.

மேல்நிலைப் பள்ளி ஒம்பது கிலோமீட்டர் தள்ளி. காலையில ஒரு பஸ், திரும்பி வர இருட்டிடும். தாத்தா வேணாம்னுட்டார். சண்டை போட்டியான்னு கேட்டேன். "ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாவது நாள் நாத்து நடக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்."

1993ல மாமா அதே ரோட்டுல சைக்கிள்ல போய் பிளஸ் டூ முடிச்சார். சைக்கிள் தாத்தா வாங்கிக் கொடுத்தது. 2001-02ல அரசே மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. முதல்ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, அப்புறம் மத்தவங்களுக்கும். இலவசம் இலவசம்னு கிண்டல் பண்றவங்களோட எனக்கு இப்ப வாதம் பண்ணத் தோணறதில்லை, அந்த ஒம்பது கிலோமீட்டரை மட்டும் சொல்றேன்.

பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். "தாத்தா விடலைன்னு சொன்னா அதையும் சார்ட்ல எழுதுவ. அவர் அப்போ உயிரோட இருந்தாருல்ல? வீட்டுக்கு வந்தா சுவத்துல பார்ப்பாரு."

ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு, பேனா எடுத்து அந்தக் கடைசி வரியை அடிக்கப் போனேன். அம்மா சார்ட்டைப் பிடுங்கிச் சுருட்டினாங்க.

"மார்க் போட்டாச்சுல்ல, விடு."