போர்க்கால பிரிட்டனில் வீட்டுத்தோட்டம்

போர் என்றதும் படைகளையும் படைத்தலைவர்களையும் நினைப்பது வரலாறு கற்போரின் இயல்பு. வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிகழும் போராட்டத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எத்துணைப் படைவலிமை இருப்பினும், உண்ண உணவில்லாத நாடு நிலைத்து நிற்க இயலாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இவ்வுண்மையை உணர்ந்து, குடிமக்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது.

1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போர் மூண்டது. அதற்குமுன் பிரிட்டன் தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கடல்கடந்த நாடுகளிலிருந்தே பெற்றுவந்தது. கப்பல் வந்தால்தான் அடுப்பில் உலை ஏறும் என்னும் நிலை! கப்பல்களையோ செர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடத் தொடங்கின. அக்டோபர் 3ஆம் நாள் வேளாண்மை அமைச்சர் சர் ரெஜினால்டு டோர்மன் சுமித் வானொலியில் உரையாற்றி, வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை வேண்டினார். ‘வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள்’ என்பதே அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று.

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடுங்குளிர் நாட்டை வாட்டியது. சனவரி 8ஆம் நாள் வெண்ணெய், சர்க்கரை, பதப்படுத்திய பன்றியிறைச்சி ஆகியவற்றிற்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. காய்கறிக்குப் பங்கீடு இல்லை. ஆனால் அதனைக் குறைவின்றிப் பெற மக்களே விளைவித்தாக வேண்டும். இந்நிலையில்தான் போர்க்காலத்தின் முதல் இளவேனில் பிறந்தது.

குளிர்நாட்டில் இளவேனில் நடவு பொறுமையைச் சோதிக்கும் பணியாகும். ஈரமும் குளிரும் மிகுந்த மண்ணில் விதைத்தால் விதை அழுகிவிடும். காலணியில் மண் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதுவரை விதை உருளைக்கிழங்கை வெளிச்சம் படுமாறு தட்டுகளில் அடுக்கி முளைவிடச் செய்வர். கண்ணாடிக் கூரையின்கீழ் வளர்ந்த நாற்றுகளைச் சில நாள்கள் வெளிக்காற்றுக்குப் பழக்கிய பின்னரே பாத்தியில் நடுவர். நேற்றுவரை எழுதுகோல் பிடித்தோரும் புல்தரையும் பூஞ்செடியும் மட்டுமே வளர்த்தோரும் இவற்றையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கற்பித்தற்கு அரசு துண்டறிக்கைகளை வெளியிட்டது. 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட நிலத்தை மூன்றாகப் பகுத்து, ஆண்டுதோறும் பயிரை இடம் மாற்றும் முறையை அவை படத்துடன் விளக்கின. கோடையில் காய்கறி மிகுந்து வீணாவதும், குளிர்காலத்தில் ஒன்றுமின்றித் தவிப்பதும் புதியவர் காணும் இடர்ப்பாடு. ஆதலின் குளிர்கால உணவையும் கருத்திற்கொண்டு நடுமாறு அவ்வறிக்கைகள் வற்புறுத்தின. ஞாயிறுதோறும் சி. எச். மிடில்டன் வானொலியில் ஆற்றிய தோட்டக்கலை உரைகளைப் பல இலட்சம் பேர் கேட்டனர்.

வெங்காயத்தின் கதை இவற்றின் இன்றியமையாமையைக் காட்டும். பிரிட்டன் உண்ட வெங்காயத்தின் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்து வந்தது. 1940இல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியும் கால்வாய்த் தீவுகளும் செர்மானியர் வசமாகவே அவ்வரவு அற்றது. அடுத்த ஆண்டில், குலுக்கலில் ஒரு வெங்காயத்தைப் பரிசாகக் கொடுக்குமளவிற்கு அஃது அரும்பொருளாயிற்று!

இலண்டன் கோட்டையின் அகழியிலும் ஐடு பூங்காவிலும்கூடக் காய்கறிப் பாத்திகள் தோன்றின. தோட்டமற்றோர் வாடகைக்குப் பெற்ற துண்டு நிலங்கள் 1939இல் ஏறத்தாழ 8 இலட்சம். 1943இல் ஏறத்தாழ 14 இலட்சம். எனினும், கொல்லைத் தோட்டமே நாட்டைக் காத்தது என்பது மிகையாகும். கோதுமையைக் கப்பல்களும் பெருவயல்களுமே அளித்தன. வீட்டுத்தோட்டம் செய்தது வேறு: காய்கறி சுமக்க வேண்டிய கப்பல்களில் பிற பொருள்களுக்கு இடம் தந்தது; பங்கீட்டு உணவின் குறையைப் பசுங்கீரையாலும் கிழங்காலும் நிரப்பியது.

அக்காலத்தில் பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மலாயாவும் இதே குறையுடைய நாடே. ரப்பரையும் ஈயத்தையும் உலகிற்கு அனுப்பிய இம்மண், தன் அரிசியின் பெரும்பகுதிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்துக் குன்றியது. வீட்டுக் கொல்லைகளிலும் தோட்டப்புறங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. குச்சியை ஊன்றினால் எளிதில் தழைக்கும் மரவள்ளி பசியைத் தணித்தது; ஆனால் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தரவில்லை. சத்துக்குறைவால் மக்கள் நோயுற்றனர்.

பருவம் பார்த்து நடவேண்டிய நாட்டில் நடவுக்குமுன் திட்டமும் விதையும் பயிற்சியும் வந்தன. ஆண்டு முழுதும் நடத்தக்க நாட்டிலோ பசி முந்திக்கொண்டது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் மாணவர், போர்க்கால வரலாற்றில் மண்வெட்டிக்கும் உரிய இடத்தை அளிப்பர்.