மிட்விச் குழந்தைகளின் கண்கள்

'வில்லேஜ் ஆஃப் த டேம்ட்' படத்தை 1960-ல் பிரிட்டனில் பார்த்தவர்களின் நினைவும் அமெரிக்காவில் பார்த்தவர்களின் நினைவும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன. குழந்தைகளின் கண்கள் வெள்ளையாக ஒளிர்ந்தன என்கிறது ஒரு தரப்பு. வெறும் முறைப்புதான், ஒளியே கிடையாது என்கிறது மறு தரப்பு. ஞாபகப் பிசகு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதல் தடயம் மூல நாவலில் கிடைத்தது. ஜான் விண்டம் 1957-ல் எழுதிய 'த மிட்விச் குக்கூஸ்' கதையில், மிட்விச் என்ற ஆங்கிலக் கிராமமே ஒரு நாள் மயங்கி விழுந்து எழுகிறது. சில வாரங்களில், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் கர்ப்பம். பிறக்கும் குழந்தைகளுக்குப் பொன்னிறக் கண்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தில் பொன்னிறத்தை எப்படிக் காட்டுவது? சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

படம் முதலில் ஹாலிவுட்டில் எடுக்கப்படவிருந்தது. நாயகன் ரொனால்டு கோல்மன். தகப்பன் இல்லாமல் பிள்ளை பிறப்பது கன்னி மரியாளின் கதையைச் சீண்டுகிறது என்று கத்தோலிக்க அமைப்பான 'லீஜன் ஆஃப் டீசன்சி' எதிர்க்க, தயாரிப்பு நிறுவனமான எம்ஜிஎம் பின்வாங்கியது. 1958 மே மாதம் கோல்மனும் இறந்துபோனார். பிறகு படம் எம்ஜிஎம்மின் பிரிட்டிஷ் கிளைக்குப் போனது. இயக்குநர் வுல்ஃப் ரில்லா, ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலிருந்த லெட்ச்மோர் ஹீத் கிராமத்தையே மிட்விச் ஆக்கினார். கோல்மனுக்கு வைத்திருந்த வேடம் ஜார்ஜ் சாண்டர்ஸுக்கு வந்தது. கோல்மனின் விதவையைத்தான் அவர் 1959-ல் மணந்திருந்தார்.

பலமான சாட்சி படச்சுருளிலேயே இருக்கிறது. ஒளிரும் கண்கள் வரும் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். கண் ஒளிரத் தொடங்கும் கணத்தில், பெரும்பாலான ஷாட்களில் படமே உறைந்துவிடுகிறது. முகத்தில் அசைவில்லை, முடி ஆடவில்லை, பக்கத்தில் நிற்கும் குழந்தையும் இமைக்கவில்லை. ஓடும் காட்சியை அங்கே நிறுத்தி, அசையாத அந்தப் படத்தின் மீது கருவிழியின் நெகட்டிவைப் பொருத்தியிருக்கிறார்கள். நெகட்டிவில் இருள் வெளிச்சமாகும் அல்லவா, அதுதான் அந்த ஒளி. ஒளிப்பட உத்திகளைக் கவனித்தவர் டாம் ஹோவர்ட். 'டாம் தம்ப்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஆக, படப்பிடிப்பில் அந்த ஒளி இல்லை. பின்னால் ஒட்டியது. எடுத்துவிட்டால் காட்சி சிதையாமல் அப்படியே நிற்கும்.

அப்படித்தான் நின்றிருக்கிறது. 1960 ஜூனில் பிரிட்டனில் வெளியான பிரதியில் ஒளி இல்லை. டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானதில் உண்டு. இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

என் சாய்வு பிரிட்டிஷ் பிரதியின் பக்கம். அந்தக் குழந்தைகளில் ஒருவனான டேவிட்டாக நடித்த மார்ட்டின் ஸ்டீவன்ஸ் அப்போது பத்து, பதினோரு வயதுச் சிறுவன். பெரியவர்கள் பேசும்போது இமைக்காமல், குரலை உயர்த்தாமல், மரியாதையாகப் பதில் சொல்கிறான். வயிறு கலங்குவது அந்த மரியாதையில்தான். ஒளி வந்ததும் இவன் வேற்றுக் கிரகத்துப் பிள்ளை என்று தெளிவாகிவிடுகிறது. ஒளி இல்லாதபோது, பெற்றவளைப் போலவே நாமும் இவன் நம் பிள்ளையா இல்லையா என்று தவிக்கிறோம். ஓராண்டு கடலில் இருந்துவிட்டு வந்து கர்ப்பிணி மனைவியைப் பார்க்கும் கணவன், ஆண் துணையே அறியாத இளம்பெண் என்று படத்தின் முதல் பாதி கட்டி எழுப்பும் வேதனைக்கு நெருக்கமானது அந்தத் தவிப்புதான்.

இன்று ஊரெங்கும் பரவியிருப்பது ஒளிரும் பிரதி. மற்றதையும் அதே அக்கறையோடு பாதுகாத்து, இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிட வேண்டும்.