மெல்பேர்ண் டிராம் போக்குவரத்து

மெல்பேர்ண் டிராம் போக்குவரத்து என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்பேர்ண் நகரில் இயங்கும் தெருத் தண்டவாள ஊர்திச் சேவையாகும். ஏறத்தாழ 250 கிமீ நீளமுள்ள இரட்டைப் பாதையும் 24 தடங்களும் 1,600-க்கும் மேற்பட்ட நிறுத்தங்களும் கொண்ட இதுவே இன்று உலகில் இயங்கும் மிகப் பெரிய டிராம் வலையமைப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன், சிட்னி, பிரிஸ்பேன் முதலிய நகரங்கள் தம் டிராம்களைக் கைவிட்டபோது மெல்பேர்ண் அவ்வாறு செய்யவில்லை.

வரலாறு

நகரின் முதற்பெரும் டிராம் அமைப்பு மின்சாரத்தால் இயங்கியதன்று. 1885 நவம்பர் 11 அன்று நகர மையத்திலிருந்து ரிச்மண்ட் வரை தொடங்கிய சேவை கம்பிவட டிராம் ஆகும். தெருவின் அடியில் ஒரு குழாய்வழியில் எஃகு வடம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். நீராவிப் பொறி நிலையங்கள் அதை இழுத்தன. தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பிளவு வழியாக இறங்கும் பிடிகருவியால் ஓட்டுநர் வடத்தைப் பற்றினால் வண்டி நகரும். விட்டுவிட்டுத் தடையைப் போட்டால் நிற்கும். இவ்வமைப்பு உச்சநிலையில் சுமார் 75 கிமீ நீளம் கொண்டிருந்தது.

மின்சார டிராம் 1889-இல் பாக்ஸ் ஹில், டான்காஸ்டர் ஆகிய புறநகர்களுக்கிடையே ஓடத் தொடங்கியது. முந்தைய ஆண்டு நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்ட கருவிகளே இதற்குப் பயன்பட்டன. 1896-இல் இது நின்றுபோயிற்று. அவ்வழியிலுள்ள சாலை இன்றும் டிராம் சாலை என்றே அழைக்கப்படுகிறது. அதில் டிராம் இல்லை. 1906 முதல் மின்சார டிராம்கள் நிலைபெற்றன. 1919-இல் உருவான பெருநகர டிராம்வே வாரியம் தனித்தனி நிறுவனங்களை ஒன்றிணைத்து, வடப்பாதைகளைப் படிப்படியாக மின்பாதைகளாக மாற்றியது.

டிராம்கள் தப்பியமைக்கான காரணங்கள்

கடைசி வட டிராம் 1940 அக்டோபர் 26 அன்று நின்றது. அது ஓடிய பர்க் தெருவில் மின்சார டிராமுக்குப் பதிலாக இரட்டைத்தட்டுப் பேருந்துகள் விடப்பட்டன. பயணிகள் கூட்டத்தை அவற்றால் சமாளிக்க இயலவில்லை. எனவே 1955-இல் அதே தெருவில் மீண்டும் தண்டவாளம் பதித்து மின்சார டிராம் விடப்பட்டது. பிற நகரங்கள் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது வியப்புக்குரிய முடிவாகும்.

அப்போது வாரியத் தலைவராக இருந்தவர் பொறியியலாளரான சர் ராபர்ட் ரிசன் (பதவிக்காலம் 1949-1970). டிராம்களை அகற்ற வேண்டுமென நாளிதழ்களும் அரசியலாளர்களும் வற்புறுத்தியபோது அவர் இணங்கவில்லை. தண்டவாளங்களைக் கனமான காங்கிரீட்டில் பதிக்கச் செய்தார்; அவற்றைப் பெயர்க்க ஆகும் செலவே பின்னர் ஒரு பாதுகாப்பாக அமைந்தது. ஆயினும் தனி ஒருவரின் உறுதியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. நகர மையத்தின் முதன்மைத் தெருக்கள் சுமார் 30 மீட்டர் அகலமானவை, நேரானவை. வடப்பாதைகள் தாமதமாக மாற்றப்பட்டதால் மின்பாதைகள் பல இன்னும் புதியனவாக இருந்தன. பேருந்துகளிலும் நடத்துநர் இருக்க வேண்டுமெனத் தொழிற்சங்கம் கோரியதால், பேருந்துக்கு மாறினால் ஆட்செலவு குறையும் என்ற வாதமும் வலுவிழந்தது.

சிட்னியின் டிராம் வலையமைப்பு ஒரு காலத்தில் மெல்பேர்ணினதை விடப் பெரியதாக இருந்தது. அது 1961-இல் முற்றாக மூடப்பட்டது. 1997-இல் அங்கு இலகு தொடருந்து என்ற பெயரில் தெருத் தண்டவாளம் திரும்பி வந்தது. 2019 இறுதியில் திறக்கப்பட்ட, சுமார் 12 கிமீ நீளமுள்ள நகர மையப் பாதைத் திட்டத்திற்கு 300 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவானது.

தொழினுட்பமும் இயக்கமும்

பாதையின் அகலம் 1,435 மிமீ. மேற்கம்பி வழியாக 600 வோல்ட் நேர்மின்னோட்டம் பெறப்பட்டு, தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. 1923 முதல் 1956 வரை கட்டப்பட்ட டபிள்யூ வகை வண்டிகள் நகரின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. 1987-இல் செயின்ட் கில்டா, போர்ட் மெல்பேர்ண் ஆகிய இரு தொடருந்துப் பாதைகள் 1,600 மிமீ அகலத்திலிருந்து குறுக்கப்பட்டு டிராம் தடங்களுடன் இணைக்கப்பட்டன. அப்பகுதிகளில் கார்களின் குறுக்கீடு இல்லாததால் வண்டிகள் விரைவாக ஓடுகின்றன.

நகர மையச் சந்திப்புகள் பலவற்றில் கொக்கித் திருப்பம் என்ற விதி உண்டு. இந்தியாவைப் போலவே ஆஸ்திரேலியாவிலும் வாகனங்கள் இடப்புறம் செல்கின்றன. வலப்புறம் திரும்ப வேண்டிய கார் சாலை நடுவில் காத்திருந்தால் பின்னால் வரும் டிராமை மறிக்கும். ஆகவே அது இடது ஓரமாகச் சந்திப்பினுள் சென்று நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விளக்கு எரியும் தறுவாயில் வலப்புறம் திரும்ப வேண்டும்.

1990 சனவரியில், நடத்துநர்களை நீக்கும் அரசுத் திட்டத்தை எதிர்த்துப் பணியாளர்கள் டிராம்களை நகர மையத் தெருக்களில் வரிசையாக நிறுத்தினர். அவை ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றன. ஆனாலும் 1998-இல் நடத்துநர் பணி முடிவுக்கு வந்தது. 1999 முதல் இயக்கம் தனியார் வசம் உள்ளது. 2015 சனவரி 1 முதல் நகர மையத்தினுள் பயணம் இலவசம்.

குறைபாடுகள்

பழைய வலையமைப்பைக் காத்ததால் அதன் குறைகளும் எஞ்சியுள்ளன. பாதையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கார்களுடன் பகிரப்படுவதால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 16 கிமீ மட்டுமே. பல நிறுத்தங்களில் மேடை இல்லை. பயணிகள் சாலையின் நடுவே இறங்கி, வாகனத்தடத்தைக் கடந்தே நடைபாதையை அடைய வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் ஏறுவதற்குத் தாழ்தள வண்டி, மேடையுள்ள நிறுத்தம் ஆகிய இரண்டும் ஒருங்கே தேவை. 2018-19-இல் இயங்கிய சேவைகளுள் 15 விழுக்காடே இவ்விரண்டையும் கொண்டிருந்ததாக மாநிலத் தணிக்கைத் தலைவரின் 2020 அறிக்கை கண்டறிந்தது. நிறுத்தங்களைச் சீராக்கக் கூட்டாட்சி விதிகள் அளித்த காலக்கெடு 2022 இறுதியில் முடிந்தது. வண்டிகளுக்கான கெடு 2032 இறுதி வரை உள்ளது.