டைமிங் செயின்: சத்தத்துக்குப் பயந்த காலத்தின் கதை

எஞ்சின் ஓவர்ஹால் என்றால் பிஸ்டன், ரிங், பேரிங் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். முன்பக்க மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் செயினை யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் குவைத்தில் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் பெரிய அமெரிக்க வி-8 கார்கள் நிறைய வரும். வண்டிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "பழசு எப்படி இருந்ததோ அதே மாதிரி போட்டுடுங்க" என்பதுதான். அந்த "அதே மாதிரி" எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் பல்சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு. இரண்டையும் இணைப்பது செயின். வால்வு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. இந்த எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாஃப்டிலிருந்தே ஓடுவதால், செயின் தளர்ந்தால் தீப்பொறியின் நேரமும் சேர்ந்து தவறும்.

இன்றைய ரோலர் செயினுக்குக் காரணமானவர் ஹான்ஸ் ரெனோல்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனவர். 1880-ல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். 1895-ல் அவரே "சைலன்ட் செயின்" என்ற இன்னொரு வகையையும் கொண்டு வந்தார். இதில் ரோலர் கிடையாது. பல் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும். சத்தம் குறைவு. அமெரிக்கக் கார்க்காரர்களுக்கு அது பிடித்துப் போனது. 1955-ல் வந்த செவர்லேயின் 265 கன அங்குல சின்ன வி-8 எஞ்சினிலும் இந்தத் தகட்டுச் செயின்தான்.

1960-களில் அந்தச் சத்தமும் அதிகம் என்று ஆகிவிட்டது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் அலுமினியச் சக்கரத்தின் மேல் நைலான் பற்களை வார்த்து கேம் பல்சக்கரமாகப் போட்டன. கார் புதிதாக இருக்கும்போது அருமையாக இருக்கும். பானெட்டைத் திறந்தாலும் செயின் ஓடுவது காதில் விழாது. ஆனால் நைலானுக்குச் சூடும் எண்ணெயும் ஆகாது. வருடங்கள் போகப் போக அது இறுகி, விரிசல் விட்டு, பல் பல்லாக உதிரும். குவைத் வெயிலில் இது இன்னும் சீக்கிரம்.

ஒருமுறை எஞ்சின் ஜாம் ஆன கார் ஒன்று இழுத்து வரப்பட்டது. அதில்தான் பிள்ளைகளை ஸ்கூலுக்கு விடுவதாகச் சொன்னார் உரிமையாளர். சம்பைக் கழற்றினால், ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் வலையில் பழுப்பு நிற நைலான் துண்டுகள் அடைத்துக்கொண்டு நின்றன. எண்ணெய் ஏறவில்லை, பேரிங்குகள் போய்விட்டன. அதற்குப் பிறகு எந்தப் பழைய வி-8 வந்தாலும், செயின் மாற்றினால் சம்பையும் இறக்கி வலையைச் சுத்தம் செய்யாமல் நாங்கள் மூடியதில்லை. புதுச் செயினை மட்டும் போட்டு, உதிர்ந்த பற்களை உள்ளேயே விட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை.

அடுத்து வந்தது சட்டம். அமெரிக்காவில் 1970-ன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகையைக் குறைக்க வேண்டிய கட்டாயம். ஃபோர்டின் 460 போன்ற சில எஞ்சின்களில், 1970-களின் ஆரம்பத்தில் பல்சக்கரத்தின் சாவித் துளையையே சற்று நகர்த்தி, கேம் நேரத்தைச் சில டிகிரி பின்தள்ளினார்கள். புகைக்கு நல்லது, இழுவைக்குக் கெட்டது. அந்த எஞ்சினுக்கு "ஒரிஜினல்" செட்டையே வாங்கிப் போட்டால், அந்தப் பின்தள்ளலும் கூடவே வரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முந்தைய வருட மாடலின் செட்டைத் தேடிப் போடுவார்கள். பெட்டி மேல் உள்ள எஞ்சின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டிகிரி வேறு.

வருடம் பார்க்காமல் வாங்கினால் பொருந்தாமலே போவதும் உண்டு. 1987-ல் செவர்லேயின் சின்ன வி-8 ரோலர் கேமுக்கு மாறியபோது கேம் ஷாஃப்டின் முன்முனையும் போல்ட் துளைகளின் இடமும் மாறின. பழைய செட் அதில் உட்காராது.

இனி எதைப் போடுவது? சாதாரணமாக ஓடும் வண்டிக்கு, வார்ப்பிரும்புப் பல்சக்கரத்தோடு வரும் தகட்டுச் செயினே போதும், விலையும் குறைவு. பாரம் இழுக்கும் வண்டிக்கும், கடினமான வால்வு ஸ்பிரிங் போட்ட எஞ்சினுக்கும் இரட்டை வரிசை ரோலர் செயின் நல்லது. வாங்கும்போது ரோலரை விரலால் உருட்டிப் பாருங்கள். உருளவில்லை என்றால் அது பெயருக்குத்தான் ரோலர்.

பிளாக்கின் மெயின் பேரிங் துளைகளை மெஷினில் நேராக்கியிருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிராங்க் கொஞ்சம் மேலேறி கேமுக்குப் பக்கமாக வந்திருக்கும். சாதாரண செயின் புதிதாகவே தளர்ந்து தொங்கும். அதற்கென்றே 5, 10 ஆயிரத்தில் ஒரு அங்குலம் குறைத்த அளவுகளில் செட் கிடைக்கிறது. மெஷின் ஷாப்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய செயின் தேறுமா என்று பார்க்க மூடியைக் கழற்ற வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கிராங்கை ஒரு பக்கம் திருப்பி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டர் அசையும் முன் கிராங்க் பத்து டிகிரி போய்விட்டால் அந்தச் செயினின் காலம் முடிந்தது. செயின் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகிறது.

பூட்டும்போது சின்ன செவர்லேயில் கிராங்க் புள்ளி மேலேயும் கேம் புள்ளி கீழேயும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் சுடுவது ஆறாவது சிலிண்டர், முதலாவது அல்ல. டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்த போன்களில் பாதி இதனால்தான்.